ஜெயித்தவரைப் பாதியில் இறக்க முடியுமா? கேள்வி பதில்

கேள்வி: ஐந்து வருஷம் காத்திருக்காமல் எம்.எல்.ஏ., எம்.பி.யை வாக்காளர்களே நீக்க இந்தியாவில் வழி இருக்கிறதா சார்?

பதில்: இல்லை. கட்சித் தாவினால் பதவி போகும், தண்டனை பெற்றாலும் போகும். ஆனால் இரண்டிலும் வாக்காளருக்கு வேலை இல்லை. வாக்காளருக்கே நீக்கும் உரிமை தர, 1974-இல் கம்யூனிஸ்ட் எம்.பி. சி.கே. சந்திரப்பன் மக்களவையில் அரசியல் சட்டத் திருத்த மசோதா கொண்டுவந்தார். எதிர்க்கட்சி வரிசையிலிருந்த வாஜ்பாயும் ஆதரித்தார். நிறைவேறவில்லை.

உள்ளாட்சியில் சில மாநிலங்கள் அனுமதிக்கின்றன. ஹரியானா 2020-இல் கொண்டுவந்த திருத்தப்படி, 33 சதவீத வாக்காளர்கள் எழுதிக் கொடுத்தால் ரகசிய வாக்கெடுப்பு நடக்கும். ஊராட்சித் தலைவரை இறக்க அதில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். மத்தியப் பிரதேசத்திலோ நகராட்சித் தலைவர் மீது முதலில் முக்கால்வாசி கவுன்சிலர்கள் கையெழுத்துப் போட வேண்டும், அப்புறம்தான் மக்கள் வாக்களிப்பார்கள். சாவி கவுன்சிலர்களிடம் இருக்கும்போது அதை மக்கள் உரிமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: காரணம் எதுவும் காட்டாமலே நீக்கலாமா?

பதில்: இந்த உரிமையின் உயிர்நாடியே இந்தக் கேள்விதான். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் பிடிக்கவில்லை என்பதே போதும். ஆளுநரை நீக்க, முந்தைய ஆளுநர் தேர்தலில் பதிவான வாக்குகளில் 12 சதவீத அளவுக்குக் கையெழுத்து சேர்ந்தால் வாக்கெடுப்பு நடக்கும். 2003-இல் ஆளுநர் கிரே டேவிஸ் அப்படித்தான் போனார். அவர் இடத்துக்கு 135 பேர் போட்டியிட்டார்கள், வந்தவர் ஆர்னால்டு ஸ்வார்செனேகர். 2021-இல் ஆளுநர் கேவின் நியூசம் இதே மாதிரி வாக்கெடுப்பில் தப்பித்தார்.

பிரிட்டன் நேர் எதிர். அங்கே 2015 சட்டப்படி எம்.பி. சிறைத் தண்டனை பெற வேண்டும், அல்லது பொய்ச் செலவுக் கணக்கில் குற்றம் உறுதியாக வேண்டும், அல்லது அவையிலிருந்து குறைந்தது 10 அமர்வு நாள் நீக்கி வைக்கப்பட வேண்டும். அதற்குப் பிறகுதான் நீக்கக் கோரும் மனுவே திறக்கும். ஆறு வாரத்தில் தொகுதியின் 10 சதவீத வாக்காளர்கள் கையெழுத்திட்டால் இடைத்தேர்தல். 2018-இல் வடக்கு அயர்லாந்து எம்.பி. இயன் பெய்ஸ்லி 444 கையெழுத்து குறைந்ததால் பிழைத்தார்!

என் ஓட்டு பிரிட்டன் முறைக்குத்தான். கொள்கை பிடிக்காவிட்டால் அடுத்த தேர்தல் இருக்கிறது. திருட்டுக்குத்தான் அதுவரை பொறுக்கக் கூடாது.

கேள்வி: தோற்ற கட்சி பழிவாங்க இதைப் பயன்படுத்தாதா?

பதில்: கட்டாயம் முயலும். தைவானில் 2025-இல் எதிர்க்கட்சியான கோமின்டாங்கின் 31 உறுப்பினர்கள் மீது நீக்க வாக்கெடுப்பு நடந்தது. ஒருவர்கூட நீக்கப்படவில்லை. ஆனால் அதே தைவானில் 2020-இல் காவ்சியுங் மேயர் ஹான் குவோ யூவை நீக்க விழுந்த வாக்குகள், அவர் ஜெயித்தபோது வாங்கியதைவிட அதிகம். மேயராகிக் கொஞ்ச நாளிலேயே அதிபர் தேர்தலுக்கு ஓடியவர் மேல் ஊருக்கு அவ்வளவு கோபம்.

கேள்வி: அப்படியானால் கையெழுத்து வரம்பை உயர்த்திவிட்டால் போதாதா?

பதில்: ரொம்ப உயர்த்தினால் சட்டம் காகிதத்தில்தான் இருக்கும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 60 நாளில் 40 சதவீதம் சேர்க்க வேண்டும். ஆனாலும் 1998-இல் அங்கே பால் ரைட்ஸ்மா என்ற சட்டமன்ற உறுப்பினர், மனு முடிவாகும் முன்பே தானாக ராஜினாமா செய்தார். மனுவின் மிரட்டலுக்கும் கொஞ்சம் பலம் உண்டு.

கேள்வி: நீக்கப்பட்டவர் மறுபடி நிற்கலாமா?

பதில்: பிரிட்டனில் நிற்கலாம். 2019-இல் கிறிஸ் டேவிஸ் என்ற எம்.பி. மனுவில் பதவி இழந்து, அதனால் வந்த இடைத்தேர்தலில் அதே கட்சி சார்பில் நின்றார். தோற்றார்.