குளிரில் டீசல் ஏன் கூடுதலாகச் செல்கிறது? லொறிக்காரரின் கேள்விகளுக்குப் பதில்கள்

மாரி தொடங்கியதும் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் லொறி வைத்திருப்பவர்கள் டீசலில் ஊற்றும் அடிட்டிவ் எனும் சேர்மான மருந்துப் போத்தல்களைப் பற்றி விசாரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். வெளிநாட்டில் லொறி ஓட்டும் உறவினர் அனுப்பியவை, கடைக்காரர் பரிந்துரைத்தவை என்று பலவகைப் போத்தல்கள் டீசல் பம்பையும், எஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கும் நொசிலையும் திருத்தும் எங்கள் வேலைத்தலத்துக்கு வருகின்றன. இம்முறை வந்த கேள்விகளில் பொதுவாகப் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கல்முனையிலிருந்து: என் தம்பி கனடாவில் நெடுந்தூர லொறி ஓட்டுகிறார். தை மாதத்தில் அடிட்டிவ் ஊற்றியும் லீற்றருக்கு ஓடும் தூரம் நன்றாகக் குறைந்துவிட்டது என்கிறார். அந்த மருந்து போலியானதா?

போலி என்று சொல்ல இது மட்டும் போதாது. குளிரில் தூரம் குறைவதற்கான பெரிய காரணங்களில் எதையும் ஒரு போத்தல் மருந்தால் மாற்ற முடியாது. முதற் காரணம் காற்று. வெப்பநிலை 20 பாகை செல்சியஸிலிருந்து பூச்சியத்துக்குக் கீழ் 20 பாகைக்கு இறங்கும்போது காற்றின் அடர்த்தி நூற்றுக்கு 16 அளவில் கூடிவிடுகிறது. நெடுஞ்சாலை வேகத்தில் ஓடும் பெரிய லொறி, சக்கரங்களுக்கு வரும் சக்தியில் ஏறக்குறையப் பாதியைக் காற்றைத் தள்ளுவதற்கே செலவிடுகிறது என்பதால், காற்றினால் மட்டுமே நூற்றுக்கு ஏழெட்டு வீதம் கூடுதலாகச் செல்லும். இதற்கு மேல் ரயரின் இறப்பர் இறுகுவதால் உருளும் தடை கூடுகிறது. எஞ்சின், கியர்பொக்ஸ், டிபரென்ஷல் ஆகியவற்றின் எண்ணெய் தடிப்பதால் அவை சூடேறும் வரை இழுவை இருக்கிறது. பனி படிந்த வீதியும் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது.

அடுத்தது, நிறுத்திய இடத்தில் எஞ்சினை ஓடவிடுவது. சாரதி உள்ளே உறங்கும்போது சூட்டுக்காக எஞ்சினை ஓடவிட்டால் மணிக்கு ஏறத்தாழ 3 லீற்றர் செல்லும். பத்து மணி நேர இரவொன்றில் 30 லீற்றர். சுமையோடு லீற்றருக்கு இரண்டே முக்கால் கிலோமீற்றர் ஓடும் வண்டி அந்த 30 லீற்றரில் 80 கிலோமீற்றருக்கு மேல் போயிருக்கும். மாதக் கணக்கில் இந்த டீசலும் சேர்வதால், ஓடிய தூரத்தை வைத்துப் பார்க்கும்போது வண்டி கெட்டுவிட்டது போலத் தோன்றும். தம்பி ஓட்டத்தையும் நிற்பதையும் பிரித்துக் கணக்கெடுத்தால் பாதிப் புதிர் அங்கேயே அவிழ்ந்துவிடும்.

அதே வாசகர்: அப்படியானால் அங்கே ஏன் எல்லோரும் அதை ஊற்றுகிறார்கள்?

வண்டி வழியில் நின்றுவிடக்கூடாது என்பதற்காக. டீசலில் இயற்கையாகவே மெழுகு கரைந்திருக்கிறது. நுவரெலியாவில் தேங்காய் எண்ணெய் உறைவதைப் போல, குறித்த ஒரு வெப்பநிலையில் அந்த மெழுகு பளிங்குகளாகப் பிரிந்து டீசலைக் கலங்கச் செய்கிறது; இன்னும் குளிர்ந்தால் பில்டரை அடைத்துவிடுகிறது. உறைவுத் தடுப்பு மருந்து மெழுகை அகற்றுவதில்லை. பளிங்குகளைச் சிறியவையாக, பில்டரின் நுண்துளை வழியே போகக்கூடியவையாக வைத்திருப்பதே அதன் வேலை. ஆகையால் டீசல் கலங்குவதற்கு முன்பே, தாங்கியை நிரப்பும்போதே ஊற்ற வேண்டும்; உறைந்தபின் ஊற்றினால் பெரிதாகப் பலன் இராது. எரிபொருள் சிக்கனம் இந்த மருந்தின் பொறுப்பே அல்ல.

செங்கலடியிலிருந்து: மார்கழி, தை மாதங்களில் மரக்கறி ஏற்ற நுவரெலியாவுக்குப் போய் இரவு தங்குகிறேன். இங்கும் அந்த மருந்து தேவையா?

பதுளை வழியாக ஏறும் ஏ5 வீதியில் ஓடுபவர்கள் பலரும் இதைக் கேட்கிறார்கள். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேலே இருக்கிறது. அந்த மாதங்களில் இரவு வெப்பநிலை 10 பாகைக்குக் கீழே போவதும் சில விடியற்காலைகளில் புல்லில் உறைபனி படிவதும் உண்டு. எனினும் அது கனடாக் குளிர் அல்ல. ஓரிரவுத் தங்கலுக்காக உறைவுத் தடுப்பு மருந்து வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பழைய பில்டரை மாரிக்கு முன் மாற்றுவது, பற்றரியையும், குளிர்ந்த எஞ்சினைச் சூடாக்கி ஸ்டார்ட் ஆக உதவும் குளோ பிளக்குகளையும் சோதிப்பது, உற்பத்தியாளர் சொன்ன தரத்தில் எஞ்சின் எண்ணெய் ஊற்றுவது ஆகியவை அதைவிட உதவும். காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகி உடனே மூச்சடைத்து நின்றால், வெந்நீரில் நனைத்த துணியைப் பில்டரின் மீது சுற்றிப் பாருங்கள். சற்று நேரத்தில் சரியாகிவிட்டால் மெழுகைச் சந்தேகிக்கலாம்; சரியாகாவிட்டால் நீரையோ அழுக்கையோ தேடுங்கள்.

மலை ஏற்றத்தில் லீற்றருக்கு ஓடும் தூரம் குறைவதைக் குளிரின் கணக்கில் எழுதாதீர்கள். அது ஏற்றத்துக்கும் சுமைக்குமான செலவு.

அக்கரைப்பற்று அரிசி ஆலையிலிருந்து: குளிர் நாடுகளில் டீசலோடு மண்ணெண்ணெய் கலக்கிறார்களாமே, நாங்களும் கலந்தால் செலவு குறையாதா?

தயவுசெய்து கலக்காதீர்கள். குளிர் நாடுகளில் மெழுகு குறைந்த, மண்ணெண்ணெயை ஒத்த இலேசான டீசலைக் குளிருக்காகக் கலக்கிறார்கள். அதனாலும் அங்கே தூரம் குறைகிறது. மண்ணெண்ணெய் இலேசானது என்பதால் அதன் ஒரு லீற்றரில் இருக்கும் சக்தி டீசலைவிட நூற்றுக்கு நான்கு அளவில் குறைவு. ஆனால் எனக்கு உண்மையில் கவலை தருவது மசகுத்தன்மை, அதாவது உராயும் பாகங்களைத் தேயாமல் காக்கும் வழுக்கும் தன்மை. உங்கள் லொறியின் ரோட்டரி பம்புக்கு டீசலே மசகு. டீசலை உயர் அழுத்தத்தில் ஒரு பொதுக் குழாயில் சேர்த்து எல்லா நொசில்களுக்கும் கொடுக்கும் கொமன் ரெயில் பம்புக்கும் அப்படியே. கந்தகம் நீக்கப்பட்ட டீசலுக்கு மசகுச் சேர்மானம் இட்டே விற்கிறார்கள். ஐரோப்பியத் தர அளவில், டீசலில் உலோகத்தை உராய்த்துப் பார்க்கும் சோதனையில் விழும் தேய்வுத் தழும்பு 460 மைக்ரோனைத் தாண்டக் கூடாது. விளக்கெரிக்க விற்கும் மண்ணெண்ணெய்க்கு அந்தக் கவனிப்பு எதுவும் இல்லை. அதனால் தேய்ந்து வரும் பம்புகளைக் கழற்றும்போது டீசலை அழுத்தும் பிளஞ்சர் தண்டில் நகத்தால் உணரக்கூடிய கீறல்கள் ஓடியிருக்கும். லீற்றருக்கு மிச்சம்பிடித்த பணத்தைவிடப் பல மடங்கு பணம் அந்த ஒரு பாகத்துக்குப் போய்விடும்.

வாழைச்சேனையிலிருந்து: மழைக்காலத்தில் டீசலில் தண்ணீர் சேர்கிறது. தண்ணீரை எடுக்கும் மருந்து நல்லதா?

எங்கள் மாவட்டத்துக்கு மிகவும் பொருந்தும் கேள்வி இது. இங்கே நமது பகை குளிர் அல்ல, ஈரம். அரைத் தாங்கியோடு இரவில் நிற்கும் லொறியின் உள்ளே ஈரக்காற்று நீராகப் படிகிறது; பரலில் சேமித்த டீசலில் அது இன்னும் அதிகம். 2022 தட்டுப்பாட்டுக் காலத்தில் பரல்களில் டீசல் சேர்த்து வைத்த பலர் இந்தத் தொல்லையை நேரில் கண்டார்கள். பில்டரின் அடித் திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடிப் போத்தலில் சிறிதளவு பிடித்து அசையாமல் வையுங்கள். நீர் கீழேயும் டீசல் மேலேயும் நிற்க, இரண்டுக்கும் நடுவே கோடு தெளிவாகத் தெரியும். அந்தக் கோட்டில் கறுத்த வழுவழுப்பான நூல்கள் தொங்கினால் அவை நுண்ணுயிர்கள். அதற்குத் தாங்கியைக் கழுவி, கிருமிநாசினிச் சேர்மானம் இட வேண்டும்.

தண்ணீருக்கான மருந்துகள் இரண்டு வகை. ஒன்று நீரைப் பிரித்துக் கீழே இறக்குகிறது. நாம் திருகைத் திறந்து வெளியே விடலாம். மற்றது நீரை டீசலோடு கலந்து எஞ்சினுக்குள்ளேயே அனுப்புகிறது. 1,600 பார் அழுத்தத்துக்கு மேல் தெளிக்கும் இக்கால இஞ்செக்டர்களின் (நொசில் பூட்டிய தெளிப்பான்களின்) நுனிகளை அவ்வாறு போகும் நீர் அரித்துவிடும் என்பதால் முதல் வகையையே கேட்டு வாங்குங்கள். அற்ககோல் கலந்தவற்றைத் தவிருங்கள். அவை மசகைக் குறைக்கின்றன.

சம்மாந்துறையிலிருந்து: சீட்டேன் கூட்டும் மருந்து தூரத்தைக் கூட்டுமா?

சீட்டேன் எண் என்பது தெளிக்கப்பட்ட டீசல் எவ்வளவு விரைவாகத் தீப்பற்றுகிறது என்பதன் அளவு. ஐக்கிய அமெரிக்காவில் ஆகக் குறைந்த அளவு 40, ஐரோப்பாவில் 51. குறைந்த எண் கொண்ட டீசலில், குளிர்ந்த எஞ்சினில், இந்த மருந்து வெண்புகையையும் தட்டும் ஓசையையும் நிச்சயம் குறைக்கும். எஞ்சினுக்குப் போதிய எண் ஏற்கெனவே இருக்குமானால், மேலும் கூட்டுவதால் லீற்றருக்குள் இருக்கும் சக்தி வளர்வதில்லை.

காத்தான்குடியிலிருந்து: எந்த மருந்துதான் உண்மையில் தூரத்தைத் தரும்?

இழந்த தூரத்தை மீட்கக்கூடியது, நொசிலைச் சுத்தம் செய்யும் சேர்மானம் மட்டுமே. பழைய நொசிலைச் சோதனைப் பம்பில் பூட்டி அழுத்தினால், மென்புகையாக விரிய வேண்டிய டீசல் ஒரு பக்கம் தாரையாக ஓடுவதையும், அழுத்தத்தை விட்டபின் நுனியில் ஒரு துளி திரண்டு தொங்குவதையும் காணலாம். அந்தத் துளி முழுமையாக எரியாமல் கரும்புகையாகப் போகிறது. கசடுதான் காரணமானால் மருந்து மெல்ல மெல்லக் கரைத்துச் சீராக்கும். நொசில் தேய்ந்திருந்தால் மாற்றுவதைத் தவிர வழியில்லை. சுத்தமான நொசில் உள்ள புதிய வண்டியில் மீட்பதற்கு எதுவும் இல்லை.

அம்பாறையிலிருந்து: பலன் கிடைக்கிறதா என்று எப்படி அளப்பது?

ஒரே பெற்றோல் செட்டில், வண்டியை ஒரே சமதளத்தில் நிறுத்தி, குழாய் தானாக நிற்கும் வரை நிரப்புங்கள். அதே வழியில் அதே அளவு சுமையோடு ஓடி மறுபடியும் அவ்வாறே நிரப்பி, ஓடிய கிலோமீற்றரை நிரப்பிய லீற்றரால் வகுங்கள். மருந்து இல்லாமல் நான்கைந்து தாங்கி, மருந்தோடு நான்கைந்து தாங்கி பார்த்தால்தான் காற்று, மழை, வீதி நெரிசல் ஆகியவற்றின் ஏற்ற இறக்கம் சமப்படும். ஒரு தாங்கியை வைத்துத் தீர்ப்புச் சொல்பவரை நம்ப வேண்டாம். ரயர் காற்றையும் இரண்டு காலத்திலும் ஒரே அளவில் வையுங்கள்.

விலையையும் பாருங்கள். 100 லீற்றருக்கு ஊற்றும் போத்தலின் விலை 5 லீற்றர் டீசலின் விலைக்குச் சமமானால், நூற்றுக்கு ஐந்து கூடுதலாக ஓடினால்தான் போட்ட பணமே திரும்பும்.

ஏறாவூரிலிருந்து: டீசலில் டூ ஸ்ட்ரோக் எண்ணெய் கலக்கலாமா? சூப்பர் டீசல் போட்டால் தூரம் கூடுமா?

எண்ணெய் கலக்க வேண்டாம். புகைவடிகட்டி உள்ள வண்டியில் அதன் சாம்பல் வடிகட்டியை அடைத்துவிடும். சூப்பர் டீசலில் கந்தகம் குறைவு. கொமன் ரெயில் எஞ்சினுக்கு அதைப் போடும்படி உற்பத்தியாளர் கேட்டிருந்தால் அதையே போடுங்கள். பழைய பம்ப் எஞ்சினில் தூரத்துக்காக மட்டும் அந்த விலையைக் கொடுக்க வேண்டியதில்லை. அந்தப் பணத்தில் நல்ல பில்டர் ஒன்றை வாங்கி வையுங்கள்.