துருக்கியக் குடும்பத்தில் மாமியாரின் இடம்

துருக்கியில் மாமியாரின் அதிகாரம் இன்றும் நீடிக்கிறதா என்ற கேள்விக்கு, அது வடிவம் மாறி நீடிக்கிறது என்பதே என் பதில். கூட்டுக்குடும்பத்தில் மாமியாருக்கு அடங்கி நடக்கும் மருமகள், பிற்காலத்தில் தானும் மாமியாராகி அதே அதிகாரத்தைச் செலுத்தலாம் என்ற எதிர்பார்ப்பிலேயே அந்நிலையை ஏற்கிறாள் என்று சமூகவியலாளர் தெனிஸ் கண்டியோட்டி 1988இல் விளக்கினார். திருமணத்துக்கு முன் நடக்கும் மருதாணி இரவுச் சடங்கில் இறுக மூடிய உள்ளங்கையை, மாமியார் பொற்காசு வைக்க முன்வந்த பிறகே மணப்பெண் விரிப்பாள். விளையாட்டுதான், ஆயினும் பேரம் பேரம்தானே! 2002இல் நடைமுறைக்கு வந்த குடிமைச் சட்டம், கணவனே குடும்பத் தலைவன் என்ற விதியை நீக்கி, வசிப்பிடத்தைத் தம்பதியர் சேர்ந்தே தீர்மானிக்க வழிசெய்தது. நகரங்களில் தனிக்குடித்தனம் பெருகிவிட்டது. எனினும் வேலைக்குச் செல்லும் மருமகளின் பிள்ளையைப் பார்த்துக்கொள்பவர் பல வீடுகளில் மாமியாரே என்பதால், குழந்தை வளர்ப்பில் அவர் சொல்லை எளிதில் தள்ளிவிட முடிவதில்லை.