பிஷெட் போனபின் புளூ ஜேய்ஸ்: ரொறன்ரோவுக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

தம்பி,

செப்டெம்பரில் வந்திறங்கினேன், ஒக்டோபர் முழுவதும் வேலைத்தலத்தில் எல்லாரும் நீலச் சட்டையோடு திரிந்தார்கள், இப்போது பெப்ரவரியில் சாப்பாட்டு மேசையில் மறுபடியும் அதே பேஸ்போல் பேச்சு, நான் மட்டும் வாய் திறக்காமல் சாப்பிட்டுவிட்டு எழும்புகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். கூடவே மூன்று கேள்விகள். போ பிஷெட் போனபிறகு எங்கள் ஊர் அணியான புளூ ஜேய்ஸ் தேறுமா? யெசவேஜ் என்ற இளைஞரைப் பற்றி ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்? அர்ஜுன் என்று ஒருவர் இந்த அணியில் இருக்கிறாராமே, அவர் எங்கள் ஆளா?

தேறும். ஆனால் போன ஆண்டு அடித்து வென்ற அணி, 2026இல் பந்துவீசித்தான் வெல்ல வேண்டியிருக்கும். ஏன் என்று சொல்லக் கொஞ்சம் நேரம் எடுக்கும். இந்த ஆட்டமே நேரம் எடுக்கிற ஆட்டம்தான், பழகிக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த மேசையில் இருக்கிறவர்களின் மனநிலையை விளங்கிக்கொள்ளுங்கள். 2024இல் இந்த அணி 74 வெற்றி, 88 தோல்வியோடு தன் பிரிவில் கடைசி. 2025இல் 94 ஆட்டங்களை வென்று அதே பிரிவில் முதலிடம். நியூயோர்க் யாங்கீஸையும் சியாட்டில் மரினர்ஸையும் விழுத்திவிட்டு, 1993க்குப் பிறகு முதல் தடவையாக, ஆண்டின் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸுக்குப் போனார்கள். எதிரணி லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸ். நவம்பர் முதலாம் திகதி, சனிக்கிழமை இரவு, தொடரைத் தீர்மானிக்கிற ஏழாவது ஆட்டத்தின் ஒன்பதாவது, அதாவது வழக்கமாகக் கடைசி, இன்னிங்ஸ். 4–3 என்று நாங்கள் முன்னால். இன்னும் இரண்டே பேரை ஆட்டமிழக்கச் செய்தால் கிண்ணம் எங்களுடையது. அப்போது மிகெல் ரோஹாஸ், ஹோம் ரன்னுக்கு (எங்கள் சிக்ஸர்போல வேலி தாண்டுகிற அடி) பெயர்போனவரே அல்ல, பந்தை இடப்பக்க வேலிக்கு அப்பால் அனுப்பினார். 4–4. எங்கள் வீட்டு நிலவறையில் மகனும் அவன் நண்பர்களும் அதுவரை போட்ட கூச்சல் அப்படியே நின்றுபோனது. மேலே சமையலறையிலிருந்து மனைவி, "என்ன, கரண்ட் போய்விட்டதா?" என்று கேட்டார். பதினோராவது இன்னிங்ஸில் வில் ஸ்மித் இன்னொன்று அடித்தார். 5–4. முடிந்தது.

ஆகவே ஜெஃப் ஹொஃப்மன் என்ற பெயரை அந்த மேசையில் பகிடியாகக்கூட எடுக்காதீர்கள். ரோஹாஸுக்கு அந்தப் பந்தைப் போட்டவர் அவர்.

பிஷெட்டுக்கு வருவோம். 2016இல், அணிகள் முறைவைத்து இளம் ஆட்டக்காரர்களை எடுக்கிற ஆண்டுத் தெரிவில் (டிராஃப்ட்) எடுக்கப்பட்டு, இந்த அணியின் கீழ்மட்டங்களில் வளர்ந்து, 2019இல் மேலே வந்தவர். போன ஆண்டு அவருடைய துடுப்பாட்டச் சராசரி .311; அதாவது ஆயிரம் வாய்ப்புக்கு 311 தடவை பந்தை அடித்துப் பாதுகாப்பாகப் பேஸுக்கு (ஓட்டமெடுக்க ஓடித் தொட வேண்டிய இடம்) போகிறவர். எங்கள் கிரிக்கெட் கணக்கில் இது தோல்விபோலத் தெரியும். இங்கே .300 தாண்டினாலே தலையில் தூக்கி வைத்து ஆடுவார்கள். செப்டெம்பரில் முழங்கால் அடிபட்டு, ஒழுங்காக ஓட முடியாத நிலையில் வேர்ல்ட் சீரிஸுக்குத் திரும்பி வந்து, அந்த ஏழாவது ஆட்டத்தில் ஷோஹெய் ஒட்டானியின் பந்துக்கே மூன்று ஓட்ட ஹோம் ரன் அடித்தார். பிறகு ஜனவரியில் நியூயோர்க் மெட்ஸோடு மூன்று ஆண்டுக்கு 126 மில்லியன் டொலர் ஒப்பந்தம். சனம் கவலைப்படாமல் என்ன செய்யும்?

என் கணிப்பு வேறு. அடி குறையும், உண்மைதான். ஆனால் ஷோர்ட் ஸ்டொப் என்ற இடத்தில் களத்தடுப்பு முன்னேறும். இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவே நிற்கிற அந்த ஆளிடம்தான் கடினமான பந்துகள் அதிகம் போகும். பிஷெட் அங்கே ஒருநாளும் சிறந்தவர் அல்ல. இனி அங்கே நிற்கப்போகிற அன்ட்ரேஸ் ஹிமேனெஸ், இரண்டாம் பேஸில் நின்ற காலத்தில் களத்தடுப்புக்கான தங்கக் கையுறை விருதை மூன்று தடவை வென்றவர். அவருடைய துடுப்பு போன ஆண்டு படுமோசம், அதையும் மறைக்கத் தேவையில்லை. இரண்டாம் பேஸுக்கு ஏர்னி கிளெமென்ட். பெரிய சம்பளமும் இல்லை, பெரிய பெயரும் இல்லை; ஆனால் 2025 இறுதிச் சுற்றுகளில் 30 தடவை பந்தை அடித்துப் பேஸுக்குப் போய்ச் சாதனை வைத்தார். இந்த ஊரில் இப்போது அவர் வீதியில் போனால் காப்பிக்குக் காசு கேட்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

மூன்றாம் பேஸுக்கு ஜப்பானிலிருந்து கஸுமா ஒகமோட்டோ. யொமியூரி ஜயன்ட்ஸ் அணிக்காக 2018 முதல் 2023 வரை ஒவ்வோர் ஆண்டும் 30 ஹோம் ரன்னுக்குக் குறையாமல் அடித்தவர். நான்கு ஆண்டு, 60 மில்லியன். பிஷெட்டின் இடத்தை இவர் துடுப்பால் நிரப்புவாரா என்பதுதான் இந்த அணியின் அடித்தரப்பில் இருக்கிற பெரிய கேள்வி. ஜப்பானில் சந்திக்கிற பந்தைவிட இங்கே சராசரி வேகம் கூட. ஏப்ரலில் அவர் திணறினால் உடனே கைவிட வேண்டாம். ஜூன் வரை பொறுத்துப் பாருங்கள்.

விளாடிமிர் கெரேரோ ஜூனியரைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, சுரங்க ரயில் நிலையச் சுவர்களில் பார்த்திருப்பீர்கள். தந்தை மொன்றியல் அணிக்கு ஆடிய காலத்தில் மொன்றியலில் பிறந்தவர். 14 ஆண்டு, 500 மில்லியன் ஒப்பந்தம் இந்த ஆண்டிலிருந்து ஓடத் தொடங்குகிறது. ஜோர்ஜ் ஸ்பிரிங்கர் கதைதான் கொஞ்சம் பயம். 2024இல் சராசரி .220க்கு விழுந்து எல்லாரும் கைகழுவிய ஆள், 2025இல் .309, 32 ஹோம் ரன் என்று எழும்பி நின்றார். இப்போது வயது 36, ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டு. இன்னொரு தடவை அதே ஆட்டத்தை எதிர்பார்ப்பது பேராசை. அன்தனி சன்டாண்டர் போன ஆண்டின் பெரும்பகுதியைத் தோள் காயத்தில் கழித்தார்; அவரைக் கணக்கில் சேர்க்காமல் பேசுவதே நல்லது.

இனிப் பந்துவீச்சு. காசு போன இடம் இதுதான். டிலன் சீஸுக்கு ஏழு ஆண்டு, 210 மில்லியன். வெளியிலிருந்து எடுத்த ஆட்டக்காரருக்கு இந்த அணி இதுவரை கொடுத்த ஆகப் பெரிய தொகை. தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் 200க்கு மேல் ஸ்ட்ரைக் அவுட் (பந்தை அடிக்கவிடாமலே ஆளை வெளியேற்றுவது) எடுத்தவர். அப்படியிருந்தும் போன ஆண்டு ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரி 4.55 ஓட்டம் கொடுத்தார். குறி தவறிப் போகிற பந்துகள் அதிகம். ஐந்தாவது இன்னிங்ஸிலேயே நூறு பந்தை நெருங்கிவிடுவார், பிறகு மாற்று ஆள் தேட வேண்டியதுதான். அவரைத் திருத்தலாம் என்று நிர்வாகம் நம்புகிறது. நான் அரை மனதோடு நம்புகிறேன்.

அவரோடு கெவின் கௌஸ்மன். இவரை நான் முழு மனதோடு நம்புகிறேன், இவருக்கும் ஒப்பந்தத்தில் கடைசி ஆண்டு. ஷேன் பீபர், 2024இல் முழங்கை அறுவைச் சிகிச்சை செய்து போன ஓகஸ்டில்தான் திரும்பியவர், வெளியே போனால் கூடுதல் பணம் கிடைத்திருக்கும் நிலையிலும் 16 மில்லியனுக்கு இங்கேயே இருந்துவிட்டார். வில் ஸ்மித் அடித்தது இவருடைய பந்துக்குத்தான். அந்தக் கணக்கைத் தீர்க்க ஆசை இருக்கலாம். தென்கொரிய லீக்கில் 252 ஸ்ட்ரைக் அவுட் எடுத்து அந்த ஆண்டின் சிறந்த ஆட்டக்காரராகத் தெரிவான கோடி பொன்ஸ், மூன்று ஆண்டுக்கு 30 மில்லியன். இவர்களுக்குப் பின்னால் ஹொசே பெரியோஸ், எரிக் லவர். 18 இன்னிங்ஸ் வரை இழுத்துப்போன வேர்ல்ட் சீரிஸ் மூன்றாவது ஆட்டத்தில், நள்ளிரவு தாண்டிய நேரத்தில், லவர் நாலரை இன்னிங்ஸுக்கு மேல் ஓட்டமே கொடுக்காமல் போட்டார். தோற்றது அவரால் அல்ல. ஆட்டத்தைத் தொடங்கிப் பந்துவீச இருக்கிற ஐந்து இடத்துக்கு, கீழே சொல்லப்போகிற யெசவேஜோடு சேர்த்து ஏழு பேர் என்பது ஆடம்பரமாகத் தெரியும். மே மாதம் வந்தால் இரண்டு முழங்கையும் ஒரு முதுகும் போய்விடும், அப்போது ஏழு பேரும் போதாது.

ஆட்டத்தின் பின்பாதிக்கு வந்திருக்கிற டைலர் ரொஜர்ஸை மட்டும் தவறவிடாதீர்கள். இடுப்பை மடித்து, விரல் மூட்டு மண்ணில் உரசும்போல, நிலத்துக்குக் கிட்டவிருந்து பந்தை விடுவார். மாலிங்கவே இவருக்குப் பக்கத்தில் நிமிர்ந்து போடுகிறவர். வேகம் குறைவு, ஆனாலும் அடிக்கிறவர்கள் தடுமாறிப்போவார்கள்.

அவருக்கு நேர் எதிர் ட்ரே யெசவேஜ். ஆறடி நாலங்குலம் உயரம். கையை உச்சந்தலைக்கு மேலே செங்குத்தாகக் கொண்டுவந்து, ஏறத்தாழ ஏழடி உயரத்தில் பந்தை விடுகிறார். நேராக வருகிற வேகப்பந்துபோலவே தெரியும், துடுப்புக்குக் கிட்ட வந்ததும் தரை திறந்து விழுங்கியதுபோல் கீழே இறங்கிவிடும். அதற்கு ஸ்பிளிட்டர் என்று பெயர். 2024 ஜூலையில் 20ஆவது தெரிவாக எடுத்தார்கள். 2025 ஏப்ரலில் புளோரிடாவில் டனீடன் என்ற சின்ன ஊரில், அணியின் கீழ்மட்டத்தில், சில நூறு பேர் முன்னால் தொடங்கினார். பிறகு படிப்படியாக வன்கூவர், நியூ ஹம்ப்ஷயர், பஃபலோ என்ற கீழ் அணிகள், செப்டெம்பர் 15இல் புளூ ஜேய்ஸ். ஒக்டோபரில் வேர்ல்ட் சீரிஸின் முதலாவது ஆட்டத்தைத் தொடங்கியவர் அவர். ஐந்தாவது ஆட்டத்தில் டொட்ஜர்ஸின் சொந்த மைதானத்தில் 12 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். வேர்ல்ட் சீரிஸில் புதுமுகம் ஒருவர் இதுவரை செய்யாத எண்ணிக்கை. அதில் ஒருவருக்கும் இலவசமாகப் பேஸ் கொடுக்கவில்லை.

வேடிக்கை என்னவென்றால், விதிப்படி அவர் இன்னும் புதுமுகம். வழக்கமான ஆட்டங்களில் 50 இன்னிங்ஸுக்கு மேல் போட்டால் அந்தப் பட்டம் போகும். அவர் போட்டது 14. இறுதிச் சுற்றுகளைக் கணக்கில் எடுப்பதில்லை. அதனால் வேர்ல்ட் சீரிஸில் கலக்கிய ஆள், வளரும் ஆட்டக்காரர் பட்டியல்களிலும் முதல் வரிசையில் இருக்கிறார். ஆனால் எல்லா மட்டங்களையும் கூட்டினால் போன ஆண்டு சுமார் 140 இன்னிங்ஸ் அந்தக் கையில் ஏறியிருக்கிறது. வயது 22. இந்த ஆண்டு நிர்வாகம் அவரை இடையிடையே ஓய்வில் வைக்கும், வேலைத்தலத்தில் அதைக் கேட்டுச் சிலர் கத்துவார்கள். வைப்பதுதான் சரி. போட்டி கடினம்தான்: யாங்கீஸில் ஆரன் ஜட்ஜ் இருக்கிறார், பொல்டிமோர் பீட் அலொன்சோவை எடுத்திருக்கிறது. என்றாலும் ஜூலை வெற்றிகளுக்காக அந்தக் கையைச் செலவழித்துவிட்டு ஒக்டோபரில் வெறுங்கையோடு நிற்பதில் பயனில்லை.

அர்ஜுன் நிம்மலா தமிழர் அல்ல. பெயரைப் பார்த்தால் தெலுங்குக் குடும்பம். பெற்றோர் இந்தியாவிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர்கள், அவர் வளர்ந்தது புளோரிடாவில். அவரும் 20ஆவது தெரிவுதான், 2023இல். அப்போது வயது 17. இன்னும் மேல் அணியில் இல்லை, அதனால் ஏப்ரலில் தொலைக்காட்சியில் தேடாதீர்கள். போன ஆண்டு வன்கூவரில் ஷோர்ட் ஸ்டொப்பாக ஆடினார். தொடக்கத்தில் நன்றாக அடித்தார், பிற்பாதியில் சோர்ந்துபோனார். தன்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர்களோடு ஆடுகிற பிள்ளைக்கு இது புதினமல்ல. மணிக்கட்டில் வேகம் இருக்கிறது, வெளியே வளைந்து போகிற பந்தை விடாமல் துரத்துகிற பழக்கமும் இருக்கிறது. இந்த ஆண்டு அடுத்த படியான நியூ ஹம்ப்ஷயருக்குப் போய் அங்கே அடித்தால்தான் நிச்சயமாகச் சொல்லலாம். போன கோடையில் எட்டாவது தெரிவாக வந்த ஜோஜோ பார்க்கரும் அதே இடத்து ஆட்டக்காரர், பள்ளியிலிருந்து நேரே வந்தவர், இடக்கைத் துடுப்பாட்டம். ஆகவே அர்ஜுனுக்குப் பின்னாலும் வரிசை இருக்கிறது.

ஆளணியில் 26 பேர் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அவர்களையும் சேர்த்து 40 பேர் பட்டியல் ஒன்று உண்டு. மிச்ச 14 பேரில் பலரைப் பஃபலோவுக்கும் ரொறன்ரோவுக்கும் இடையில் ஏற்றி இறக்கிக்கொண்டிருப்பார்கள். பஃபலோ மைதானம் இங்கிருந்து காரில் இரண்டு மணித்தியாலம், டிக்கெட்டும் மலிவு, வளருகிற பிள்ளைகளைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கலாம். ஆனால் எல்லை தாண்ட வேண்டும். உங்கள் கடவுச்சீட்டு இன்னும் ஊர்க் கடவுச்சீட்டு என்றால், கனடா நிரந்தர வதிவிட அட்டை இருந்தாலும் அமெரிக்க விசா எடுத்தே ஆக வேண்டும். வேலைத்தலத்து நண்பர்கள் "வா, போவோம்" என்று சாதாரணமாகக் கூப்பிடுவார்கள். அவர்களுக்கு இது தெரியாது. விசா இல்லாமல் பாலம்வரை போய்விடாதீர்கள்.

இப்போதைக்குச் செய்யக்கூடியது: டனீடனில் நடக்கிற பயிற்சி ஆட்டங்களை ஸ்போர்ட்ஸ்நெட்டில் ஒன்றிரண்டு பாருங்கள். வெற்றி தோல்வியைப் பார்க்க வேண்டாம், அதற்கு அங்கே மதிப்பில்லை. ஒகமோட்டோ வேகப்பந்துக்கு நேரத்தோடு துடுப்பைக் கொண்டுவருகிறாரா என்று மட்டும் பாருங்கள். மறுநாள் அதை மேசையில் சொன்னால் போதும், மிச்சத்தை அவர்களே பேசுவார்கள். மைதானத்துக்குப் போவதென்றால் செவ்வாய்க்கிழமையில் போங்கள், 2025இல் ஹொட் டோக் ஒரு டொலருக்கு விற்ற நாள் அது. இருக்கை 500ஆம் மட்டத்தில், அடிக்கிறவர் நிற்கிற ஹோம் பிளேட்டுக்கு நேர் பின்னால் எடுங்கள். உயரம்தான், ஆனால் யெசவேஜின் பந்து கீழே விழுகிறது அங்கிருந்து தெளிவாகத் தெரியும். ஸ்காபரோவிலிருந்து கார் வேண்டாம். தரிப்பிடக் காசுக்கு இன்னொரு டிக்கெட் வாங்கலாம். கெனடி நிலையத்தில் ஏறி, யங்கில் மாறி, யூனியனில் இறங்கினால் நடைதூரம்.