பாட்டியின் ஆஞ்சியோவும் பேத்தியின் படிப்பும்

அம்மா, சனிக்கிழமை பள்ளிகொண்டாவிலிருந்து மகளோடு வந்திருந்தீர்கள். "மூணாவது தடவையும் நீட் எழுதட்டுமா சார்?" என்று கேட்டீர்கள். அவள் முன்னால் பதில் சொல்ல மனம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் போன் பேச வெளியே போன பத்து நிமிடத்தில், மார்க் ஷீட் ஜெராக்ஸைத் திருப்பிப் போட்டு அவள் ஒரு படம் வரைந்தாள். பாட்டிக்கு ஆஞ்சியோ, அதாவது இதய ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை, செய்தபோது வலது மணிக்கட்டு வழியாக விட்ட குழாய் இதயத்துக்குத் திரும்பாமல் கீழேயே இறங்கிக்கொண்டிருந்ததாம். கடைசியில் தொடை வழியாகச் செய்தார்களாம். "டாக்டர் தப்பில்லை சார், பாட்டியோட ரத்தக்குழாய் வேற இடத்துல முளைச்சிருக்கு" என்றாள்.

அவள் சொன்னது சரி. பெருந்தமனி இதயத்திலிருந்து எழும்பி வளையும் இடத்தில் பொதுவாக மூன்று கிளைகள் பிரியும். முதல் கிளையே இரண்டாகி வலது கைக்கும் கழுத்தின் வலப்பக்கத்துக்கும் போகும். ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்கு வலது கைக்கான தமனி கடைசிக் கிளையாக இடப்பக்கம் கிளம்பி, பெரும்பாலும் உணவுக்குழாய்க்குப் பின்னால் சுற்றி வலப்பக்கம் வரும். பாட்டிக்குக் குழாய் கீழே இறங்கியது இதனால்தான். பலருக்கு அதனால் ஒரு தொல்லையும் இல்லை. சிலருக்குச் சோறு விழுங்கும்போது அடைக்கும். 1794-லேயே பேஃபோர்ட் என்ற ஆங்கில மருத்துவர் இதை எழுதி வைத்திருக்கிறார். இதைவிட அதிகம் காணப்படுவது, முதல் இரண்டு கிளைகளும் ஒரே அடியிலிருந்து பிரிவது. அதற்கு 'போவைன்', அதாவது மாட்டு வளைவு என்று பெயர். பொய்கைச் சந்தையில் நிற்கிற எந்த மாட்டுக்கும் அப்படி இருக்காது என்பது வேறு கதை. மாட்டுக்கு எல்லாமே ஒரே தண்டிலிருந்துதான் கிளம்பும்.

இதையெல்லாம் அவள் நீட்டுக்காகப் படிக்கவில்லை. பாட்டிக்காகத் தேடிப் படித்திருக்கிறாள். அதனால்தான் சொல்கிறேன், மூன்றாவது தடவை வேண்டாம். பி.எஸ்சி. கார்டியாக் டெக்னாலஜி பாருங்கள். மூன்று வருடப் படிப்பு, ஒரு வருடம் பயிற்சி. இதுவரை பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே அரசுக் கலந்தாய்வு நடக்கிறது. வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரிக்குத் தனி விண்ணப்பம். இதயத்தை ஸ்கேன் செய்யும் எக்கோ அறையிலும், ஆஞ்சியோ செய்யும் கேத் லேபிலும்தான் வேலை: திரையைப் பார்த்து, குழாய் எந்தப் பக்கம் போகிறது என்று கவனிக்கிற வேலை. அவளுக்கு அந்தக் கண் இருக்கிறது.

கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். எக்ஸ்ரே கதிரைத் தடுக்கப் போடும் ஈய ஏப்ரன் கனமாக இருக்கும், மணிக்கணக்கில் நிற்க வேண்டும், மாரடைப்பு கேஸ் வந்தால் நடுராத்திரியிலும் கூப்பிடுவார்கள். கதிர்வீச்சைப் பற்றிக் கேட்டீர்கள். உடம்பில் எவ்வளவு படுகிறது என்று அளக்க பேட்ஜ் கொடுப்பார்கள், அதைத் தவறாமல் மாட்டச் சொல்லுங்கள். "பொம்பளப் புள்ளைக்கு நைட் டூட்டியா?" என்றும் கேட்டீர்கள். சி.எம்.சி.யை நிறுவிய டாக்டர் ஐடா ஸ்கடர் 1918-ல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி தொடங்கிய வேலூரில் இருந்துகொண்டு அதற்கு நான் என்ன சொல்ல!

கல்லூரி தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்த்து மயங்காதீர்கள். "சொந்த மருத்துவமனையில் கேத் லேப் இருக்கிறதா, மாணவர்களை உள்ளே விடுவீர்களா?" என்று கேளுங்கள். மழுப்பினால் திரும்பி வந்துவிடுங்கள். எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழக இணைப்பு இருக்கிறதா என்பதையும் காகிதத்தில் காட்டச் சொல்லுங்கள்.

அப்புறம், அந்த ஜெராக்ஸ் என் மேசையிலேயே கிடக்கிறது. விண்ணப்பத்துக்கு வேறு எடுத்துக்கொள்ளுங்கள்.