மூன்று மாதமாக ஜெபிக்கிறேன், பதிலைக் காணவில்லை
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, எங்கள் பெரும்போக வெள்ளாமையை வெள்ளம் அள்ளிக்கொண்டு போய்விட்டது. கடன்பட்டுத்தான் விதைத்தோம். கிழமைக்குக் கிழமை லோன்காரர் வாசலில் வந்து நிற்கிறார்கள். மூன்று மாதமாக ஜெபிக்கிறேன். இப்போது முழங்காலில் நின்றால் 'ஆண்டவரே' என்பதற்கு மேல் ஒன்றும் வாயில் வருவதில்லை. என் விசுவாசம் காணாதாம் என்கிறார்கள் சபையில்.
– வாசகி, கிரான்

பதில்: விசுவாசம் இல்லாதவர் மூன்று மாதம் முழங்காலில் நிற்கமாட்டார், அம்மா. அந்தப் பேச்சைக் காதில் போடாதீர்கள்.

வாய் அடைத்துப்போகும் நேரத்துக்குத்தான் சங்கீதங்கள் இருக்கின்றன. 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பலும் முறைப்பாடும்தான். 13ஆம் சங்கீதத்தை எடுங்கள், ஆறே வசனம். முதல் 2 வசனங்களுக்குள் 'எதுவரைக்கும்' என்று தாவீது 4 தரம் கேட்கிறார். 3, 4இல் வேண்டுதல். 5, 6இல் நம்பிக்கை. நீங்களும் இதே ஒழுங்கில் போங்கள். முதலில் முறைப்பாடு: அழிந்த வயல், கடன், பட்ட அவமானம், எல்லாவற்றையும் சொல்லுங்கள். அடுத்து ஒரேயொரு வேண்டுதல். 'கஷ்டமெல்லாம் நீங்க வேண்டும்' என்று பொதுப்படையாகக் கேட்டால், பதில் வந்தாலும் அதுதான் பதில் என்று தெரியாமல் போகும். 'இந்த வெள்ளிக்கிழமைத் தவணைக்கு அவகாசம் தர வேண்டும்' என்று கேட்டு, திகதி போட்டுக் கொப்பியில் எழுதுங்கள். கடைசியாக, முன்பு கிடைத்த ஒரு உதவிக்கு நன்றி. நன்றி சொல்ல மனம் வராத நாளில் வலிந்து சொல்ல வேண்டாம். 88ஆம் சங்கீதம் இருளோடுதான் முடிகிறது, அதுவும் வேதம்தான். இதற்குப் பத்து நிமிடம் போதும்.

கேட்டது கிடைக்காவிட்டால் கேட்கப்படவில்லை என்று அர்த்தமில்லை. அப்போஸ்தலன் பவுல் தன்னை வாட்டிய உபாதையை 'முள்' என்கிறார். அது நீங்கும்படி 3 தரம் வேண்டினார். முள் நீங்கவில்லை, 'என் கிருபை உனக்குப் போதும்' என்ற பதில் வந்தது (2 கொரிந்தியர் 12).

இனி பெர்சிய ராஜாவின் அரண்மனையில் வேலை பார்த்த யூதரான நெகேமியாவைப் பாருங்கள். எருசலேமின் மதில் இடிந்துகிடக்கிற செய்தி அவருக்குக் கிஸ்லேவ் மாதத்தில் கிடைத்தது. ராஜாவிடம் வாய் திறந்தது நிசான் மாதத்தில், ஏறக்குறைய 4 மாதம் கழித்து. 'உனக்கு என்ன வேண்டும்?' என்று ராஜா கேட்டதும் மனசுக்குள் ஒரு ஜெபம். உடனே தவணைக்காலம், வழியிலுள்ள அதிபதிகளுக்குக் கடிதம், மரம் தர வனக்காவலனுக்கு ஒரு கடிதம் என்று கணக்காகக் கேட்டார். அந்த 4 மாத ஜெபத்துக்குள் இந்தக் கணக்கும் நடந்திருக்க வேண்டும்.

உங்கள் கொப்பியின் மறுபக்கத்திலும் கணக்கு எழுதுங்கள்: யாரிடம் எவ்வளவு வாங்கியது, கட்டியது, மீதி, வட்டி. வயல் அழிவைக் கமநல சேவை நிலையத்தில் பதிந்தீர்களா? இல்லையென்றால் நாளைக்கே போங்கள். வயல் காயக் காய அழிவைக் காட்டுவது கஷ்டம். போனில் எடுத்த படம், விதைநெல், பசளை வாங்கிய பற்றுச்சீட்டு எல்லாம் கையில் இருக்கட்டும். கிராம சேவகரிடம் ஒரு கடிதம் எடுத்துக்கொண்டு லோன் அலுவலகத்துக்கே போய், தவணையைத் தள்ளித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். வாசலுக்கு வருகிறவரோடு வாய்த்தர்க்கம் செய்து பயனில்லை. பழைய கடனை அடைக்கப் புதுக்கடன் தருகிறோம் என்று யாராவது வந்தால், அதை ஜெபத்தின் பதிலாக எண்ணிவிடாதீர்கள். பலர் மூழ்கியது அங்கேதான்.

உயிரோடு இருப்பதே பாரம் என்ற எண்ணம் வந்தால் ஜெபத்தோடு நிற்காமல் மனநல உதவி எண்ணான 1926க்கு அழையுங்கள், வீட்டில் ஒருவரிடமும் சொல்லுங்கள்.

கேள்வி: மூன்று நாள் உபவாச ஜெபத்தில் இன்சுலின் போட்டால் அது அவிசுவாசமா?
– வாசகர், கல்முனை

பதில்: இல்லை. சாகக்கிடந்த எசேக்கியா ராஜாவுக்கு ஆயுளில் 15 வருஷம் கூட்டித் தருவதாக ஆண்டவர் சொன்ன பிறகும், பிளவையின்மேல் அத்திப்பழ அடையை வைக்கச் சொன்னார் ஏசாயா தீர்க்கதரிசி (2 இராஜாக்கள் 20). இன்சுலின் போட்டுவிட்டுப் பட்டினி கிடந்தால் சீனி சடுதியாக இறங்கும்: வியர்க்கும், நடுங்கும், மயக்கம் வரும். மருந்தை நிறுத்தினால் சீனி கண்டபடி ஏறும். இரண்டும் ஆளை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் போடும். அளவை நீங்களாக மாற்றாமல் கிளினிக்கில் கேளுங்கள். தானியேல் 3 வாரம் விலக்கியது ருசியான அப்பம், இறைச்சி, திராட்சரசம். நீங்களும் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இறைச்சியையும் போனையும் விலக்கலாம். நடுக்கம் வந்தால் உடனே சீனி கரைத்துக் குடியுங்கள், உபவாசம் அத்தோடு முடிந்தது.

கேள்வி: விசேஷ ஜெபத்துக்கென்று ஒரு ஊழியர் காசு கேட்கிறார். கொடுத்தால் சீக்கிரம் பதில் வருமா?
– வாசகி, செங்கலடி

பதில்: சீரியப் படைத்தலைவன் நாகமானுக்குக் குஷ்டம் நீங்கியபோது எலிசா தீர்க்கதரிசி ஒரு சல்லியும் வாங்கவில்லை. பின்னால் ஓடிப்போய் வாங்கினவன் எலிசாவின் வேலைக்காரன் கேயாசி. அவனுக்கு என்ன நடந்தது என்று 2 இராஜாக்கள் 5இல் வாசித்து, அந்த ஊழியருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.