தாத்தாவின் கேசட்டுகளை இணையத்தில் ஏற்றலாமா?

வணக்கம். மன்னார்குடி வீட்டுப் பரணில் கிடைத்த இரண்டு கேசட்டுகளை, அதாவது கடையில் வாங்கிய 1985ஆம் ஆண்டு தியாகராஜ கீர்த்தனைப் பதிவையும் 1997இல் உங்கள் அத்தையின் திருமணத்தில் பதிந்த நாகஸ்வரத்தையும், யூடியூபில் ஏற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தியாகராஜர் 1847இல் சித்தியடைந்தவர் என்பதால் கீர்த்தனைகளுக்கு இன்று யாரும் உரிமை கொண்டாட முடியாது. ஆனால் அவற்றைப் பாடிய ஒலிப்பதிவின் நிலை வேறு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒலிப்பதிவுக்கு அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் பாதுகாப்பு உண்டு. ஆகவே கடைக் கேசட் 2045 முடியும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அது இப்போது விற்பனையில் இல்லை என்பது நமக்கு வருத்தமே தவிர அனுமதி ஆகாது.

திருமணப் பதிவில்தான் எனக்குக் கூடுதல் அக்கறை. கேசட் உங்களுடையது, வாசிப்பு வித்துவானுடையது. நிகழ்த்துகலைஞருக்கும் சட்டம் 50 ஆண்டு உரிமை தருகிறது. அன்றே சம்பாவனை கொடுத்தாயிற்றே என்று சிலர் வாதிடுவார்கள். அது பந்தலில் வாசித்ததற்குத்தான். அவருடைய மகன் இன்றும் அதே ஊர்க் கோயிலில் வாசிப்பதாக நீங்களே எழுதியிருப்பதால், வெற்றிலை பாக்குடன் பென்டிரைவில் ஒரு பிரதியும் எடுத்துக்கொண்டு நேரில் போய், எங்கே ஏற்றப்போகிறீர்கள், விளம்பர வருமானம் வந்தால் யாருக்கு என்பதையெல்லாம் விளக்கி, எழுத்தில் இசைவு வாங்குங்கள். தவில் வாசித்தவரையும் விசாரியுங்கள் (அவரைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்).

நாடாவின் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சை தெரிவதாகச் சொன்னீர்கள். அதை நீக்காமல் ஓட்டினால் பிளேயரின் ஹெட்டிலும் படியும் என்பதால், முதலில் விவரம் தெரிந்தவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்துவிடுங்கள்.