பாண்டியா, கடலூரா? ஜூலையில் முடிவெடுக்க வேண்டாம்

கேள்வி: எனக்கு வயது 30. சென்னையில் ஒரு கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் பிரிவில் 4 வருடம் 3 மாதமாக வேலை பார்க்கிறேன். கைக்கு 78,000 ரூபாய் வருகிறது. கணவர் ஐ.டி.யில் 92,000 வாங்குகிறார். அவர் மாதம் நாலு நாள் ஆபீசுக்குப் போனால் போதும். எனக்கு இப்போது ஐந்தாம் மாதம், அக்டோபர் நடுவில் தேதி சொல்லியிருக்கிறார்கள். குழந்தையோடு சென்னையில் இருக்க வேண்டாம் என்று நினைக்கிறோம். கணவருக்குப் பாண்டிச்சேரி மேல் ஆசை. லாஸ்பேட்டையில் 16,000 வாடகைக்கு வீடு பார்த்துவிட்டார் (இங்கே 28,000 கொடுக்கிறோம்). அங்கே ஒரு ஆடிட்டர் ஆபீசில் எனக்கு 45,000 சம்பளத்தில் வேலை இருக்கிறது. மொத்தம் ஏழு பேர், ஜூலையில் சேரச் சொல்கிறார்கள். என் அம்மா நெல்லிக்குப்பத்தில் தனியாக இருக்கிறார். வயது 61, மூட்டுவலி. அவருக்குப் பக்கமாக கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு பழைய தனி வீடு 58 லட்சத்துக்கு வருகிறது. கையிருப்பு 14 லட்சம். 12 லட்சம் முன்பணம் போட்டு வாங்கிவிடலாமா? தோழிகள் கோயம்புத்தூரைச் சொல்கிறார்கள். எந்த ஊர் சரி?

பதில்: கோயம்புத்தூர் நல்ல ஊர்தான். ஆனால் சாயங்காலம் நாலு மணிக்குக் குழந்தையை ஒரு மணி நேரம் பார்த்துக்கொள்ள அங்கே உங்களுக்கு யாரும் இருப்பதாகக் கடிதத்தில் இல்லை. அதனால் அதை இப்போதைக்கு ஒதுக்கிவிடுகிறேன்.

அப்புறம் லாஸ்பேட்டை. வாடகையில் மாதம் 12,000 மிச்சம் என்று உங்கள் கணவர் கணக்குப் போட்டிருப்பார். அதே மாதம் உங்கள் சம்பளத்தில் 33,000 குறைகிறதே, அதை எந்தப் பக்கத்தில் எழுதினார்? அதைவிடப் பெரிய ஓட்டை அந்த ஆபீசின் ஆள் எண்ணிக்கையில் இருக்கிறது. சம்பளத்தோடு கூடிய 26 வார மகப்பேறு விடுப்பு, பத்துப் பேராவது வேலை பார்க்கும் நிறுவனங்களுக்குத்தான் சட்டப்படி கட்டாயம். ஏழு பேர் இருக்கும் ஆபீசில் விடுப்பு கிடைப்பது முதலாளியின் மனதைப் பொறுத்தது. அவர் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் எழுதிக் கொடுப்பாரா? பெரிய நிறுவனமாக இருந்தாலும், பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் அந்த இடத்தில் 80 நாளாவது வேலை பார்த்திருக்க வேண்டும். ஜூலையில் சேர்ந்தால் அது தேறுவதே இழுபறி. இப்போதைய கம்பெனியில் உங்கள் 26 வாரச் சம்பளம் ஏறக்குறைய 4,68,000 ரூபாய். இதை விட்டுவிட்டு 12,000 ரூபாய் வாடகை மிச்சத்தைத் துரத்த வேண்டுமா?

இன்னொரு விஷயம், இதைப் படித்ததும் உங்கள் அப்பாயின்ட்மென்ட் கடிதத்தைத் தேடி எடுங்கள். 4 வருடம் 3 மாதம் என்றால் வரும் மார்ச்சில் 5 வருடம் நிறைகிறது. அன்றுதான் கிராஜுவிட்டி, அதாவது வேலையை விடும்போது கம்பெனி தரும் பணிக்கொடை, உங்களுடையதாகிறது. மகப்பேறு விடுப்பில் இருக்கும் 26 வாரமும் தொடர்ந்த பணிக்காலமாகவே கணக்கில் சேரும். அடிப்படைச் சம்பளம் 36,000 என்று வைத்துக்கொண்டால், அதை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கி, 5 வருடத்துக்கு ஒரு லட்சத்து மூவாயிரத்துக்கு மேல். விடுப்பைப் பிரசவத் தேதிக்கு 8 வாரம் முன்பிருந்தே எடுக்கலாம். உடம்பு இடம் கொடுத்தால் செப்டம்பர் நடுவில் தொடங்குங்கள். மார்ச் நடுவில் முடியும். சேர்ந்த தேதி ஒரு பத்து நாள் முன்பின் இருந்தால், திரும்ப வேலையில் சேர்ந்து அந்தப் பத்து நாளை முடித்துவிட்டு முடிவெடுங்கள். வேலை மாறினால் பி.எஃப். பணத்தை எடுக்காதீர்கள், புதுக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள். 5 வருடம் முடியாமல் எடுத்தால் அதற்கு வரியும் வரும்.

சரி, ஊர் விஷயத்துக்கு வருவோம். தலைப்பிரசவத்துக்கு எப்படியும் தாய்வீட்டுக்குத்தான் போகப்போகிறீர்கள். வளைகாப்பு முடிந்து நெல்லிக்குப்பம் போனால் அந்த ஆறு மாதம் முழுக்க நீங்கள் கடலூர்க்காரர். கணவரும் அங்கிருந்தே வேலை பார்க்கலாம், நாலு நாளுக்குச் சென்னை போய் வரலாம். வாடகை இல்லாமல் ஒரு ஊரில் வாழ்ந்து பார்க்க வேறு யாருக்கு வாய்க்கிறது? அதுவும் சரியாக வடகிழக்குப் பருவமழைக் காலத்தில்!

மழையை ஏன் சொல்கிறேன் என்றால், இந்தக் கரையில் வீடு வாங்குபவர்கள் ஏப்ரல், மே மாதத்தில்தான் வீடு பார்க்க வருகிறார்கள். 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் அடித்தபோது எங்கள் வீட்டில் மூன்று மாதக் குழந்தை. கரண்ட் வர நாள் கணக்கில் ஆனது. கிணறு இருந்த பக்கத்து வீட்டு அம்மாள் புண்ணியத்தில் துணி துவைத்தோம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது பாண்டியில் ஒரே நாளில் ஏறக்குறைய அரை மீட்டர் மழை. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் பக்கம் வீட்டுக்குள் தண்ணீர். அதற்கடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணையில் திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கி, கடலூரில் ஆற்றங்கரைக் குடியிருப்புகளுக்குள் புகுந்தது.

மஞ்சக்குப்பத்து வீட்டை மறுபடி பார்க்கப் போகும்போது ஹாலில் நின்று பிளக் பாயிண்ட் எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். இடுப்புக்கு மேலே ஏற்றியிருந்தால், வாஷிங் மெஷின் செங்கல் மேடையில் நின்றால், உரிமையாளர் எதுவும் சொல்லத் தேவையில்லை. தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவரிடம் 2015-இலும் 2024-இலும் எதுவரை தண்ணீர் நின்றது என்று கேளுங்கள். புரோக்கரைவிட அவர் சரியாகச் சொல்வார்.

அந்த வீட்டை இப்போது வாங்க உங்களால் முடியாது என்பதும் ஒரு விஷயம். தமிழ்நாட்டில் பழைய வீட்டுக்கு முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. 58 லட்சத்துக்கு 5,22,000 ரூபாய், இதை உங்கள் கையிலிருந்துதான் கொடுக்க வேண்டும். முன்பணம் 12 லட்சத்தோடு சேர்த்தால் 17 லட்சம் தாண்டுகிறது. உங்களிடம் 14 இருக்கிறது. மீதி 46 லட்சத்துக்கு 8.5% வட்டியில் 20 வருடக் கடன் என்றால் மாதத் தவணை 40,000-க்கு மிக அருகில். நீங்கள் ஒரு வருடம் வீட்டில் இருக்க முடிவெடுத்தால் கணவரின் 92,000-இல் ஏறக்குறைய பாதி இதற்கே போகும். அவருடைய கம்பெனி 'எல்லோரும் தினமும் ஆபீசுக்கு வாருங்கள்' என்று ஒரு மெயில் போட்டால் என்ன செய்வீர்கள்? இந்தப் பக்கம் அதே சம்பளத்துக்கு ஐ.டி. வேலை எளிதில் கிடைக்காது. அதனால் 14 லட்சத்தில் ஒன்பது மாதச் செலவுக்கான பணத்தை வைப்புநிதியில் தனியாகப் போடுங்கள். நாலு நாள் ஏற்பாட்டையும் ஹெச்.ஆரிடம் எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். மேலாளர் வாய்வார்த்தையாகச் சொன்னது அவர் மாறினால் போய்விடும்.

பாண்டி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நானே இங்கேதான் இருக்கிறேன். சனிக்கிழமை கடற்கரைச் சாலைப் பக்கம் மட்டும் போகமாட்டேன். ஜிப்மர் இருக்கிறது, கடலூரிலிருந்தும் பெரிய வியாதி என்றால் இங்கேதான் ஓடி வருகிறார்கள். அரசுப் பள்ளிகள் 2024-25 முதல் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டன. கடலூரில் குடியிருந்து பாண்டியில் வேலை பார்ப்பவர்களும் ஏராளம், 25 கிலோமீட்டர்தான், பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை. ஒன்று மட்டும் கவனம்: விளம்பரத்தில் 'பாண்டிச்சேரி' என்று போட்டிருக்கும் மனை பல நேரம் தமிழ்நாட்டில் இருக்கும். கோட்டக்குப்பம் விழுப்புரம் மாவட்டம். ரெட்டிச்சாவடி கடலூர் மாவட்டம். ரேஷன் கார்டிலிருந்து பிள்ளையின் கல்லூரி இட ஒதுக்கீடு வரை எல்லைக் கோடு எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்தே அமையும்.

உங்கள் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லோரும் பட்ஜெட்டில் பாட்டிக்குப் பூஜ்யம் போடுகிறார்கள். மூட்டுவலிக்காரர் கைக்குழந்தையோடு நாள் முழுக்க உட்கார்ந்து எழ முடியாது. குளிப்பாட்டவும் துணி துவைக்கவும் ஓர் ஆளை வைத்து, அந்தச் சம்பளத்தை இப்போதே செலவுப் பட்டியலில் எழுதிவிடுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது: கம்பெனியின் குழுக் காப்பீட்டில் பிரசவத்துக்கு எவ்வளவு வரம்பு, கடலூரிலும் பாண்டியிலும் எந்தெந்த மருத்துவமனைகளில் கேஷ்லெஸ் (நாம் கட்டாமல் காப்பீடே நேராகக் கட்டுவது) உண்டு, அவற்றில் பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு எதில் இருக்கிறது என்று கேளுங்கள். குழந்தை பிறந்ததும் காப்பீட்டில் பெயர் சேர்க்க எத்தனை நாள் அவகாசம் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஜனவரியில், விடுப்பு முடிந்தபின் சில மாதம் வீட்டிலிருந்து வேலை பார்க்கலாமா என்று மேலாளரிடம் கேட்டுப் பாருங்கள். கம்பெனி சம்மதித்தால் அதற்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. கிடைத்துவிட்டால் ஆடிட்டர் ஆபீஸ் பேச்சே தேவையில்லை.

பொங்கல் முடிந்து, மழையும் ஓய்ந்த பிறகு மறுபடி எழுதுங்கள். அந்த மஞ்சக்குப்பத்து வாசலில் டிசம்பரில் தண்ணீர் எதுவரை வந்தது என்பதையும் சேர்த்து.